கருத்தடை உயிர்க்கொலை ஆமோ?

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து எம்மிடம் சிவஞானபோதம் பாடங்கேட்க வரும் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் ஓர் ஐயம் வினாவினர். மூன்று மக்களைப் பெற்று உடல் நலிந்த அவர் மனைவியார், அவசரக் கருத்தடை மாத்திரை வேண்டி விருத்தாசலத்து மருந்துக்கடையொன்றிற்குச் சென்றனர். கடைக்காரர் ஏற இறங்க நோக்கி, 'இல்லை' என்றனராம். "பிறக்கும் உயிரைத் தடுப்பது கொலையன்றோ? அவர் மறுத்தது முறைதானோ?" என்றார் அன்பர்.

அம்மாத்திரை கூட்டத்தின்பின் 72 மணி நேரத்துள் உட்கொள்வது. சினைமுட்டை வெளிப்படுதலைத் தாழ்த்துவது. தங்கிய கருவைச் சிதைப்பதன்று. மருத்துவர் சீட்டின்றி விற்கச் சட்டம் இடந்தந்தும், தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் அஃது அரிதாயிற்று. அதன் காரணங்களுள் நாணமும் பழியச்சமும் உளவாம்.

உயிர் அநாதி, தோற்றமும் அழிவும் உடற்கேயுள. வினைக்கீடாக உடலைக் கூட்டுவிப்பவன் இறைவன். கூட்டப்பெறாத உடலைக் கொன்றதாகக் கூறுதல் யாங்ஙனம்? ஒரு மாத்திரையால் அவன் ஆணை தடைப்படுமென்பார், அவன் முதன்மைக்கே இழுக்குரைப்பாராவர். நோய்க்கு மருந்துண்டலையும் வினைப்பயனைத் தடுத்தலென்று அவர் விலக்குவரோ?

1935 டிசம்பரில் வார்தாவில் மார்கரெட் சாங்கர் அம்மையாரிடம் காந்தியடிகள் தன்னடக்கமே தக்க வழியென வலியுறுத்தினர். அடக்கம் உயர்ந்ததே, அதனை யாமும் மறுத்திலேம். ஆயினும் கணவன் அடங்காவிடத்து மனைவி செய்யக்கடவது யாது? இதனைக் கூறுங்கால் அன்பர் தலைகவிழ்ந்தனர்.

அன்று நான்காம் நாள்; மாத்திரைக்குரிய காலம் கழிந்தது. ஐந்து நாளுள் காப்பர்-டி பொருத்துதலும் உண்டென மருத்துவர்பாற் கேட்டறிந்திருந்தமையின், பாடத்தை நிறுத்தி, அம்மையாரை அப்பொழுதே அரசு மருத்துவமனைக்கு அழைத்தேகுமாறு அன்பரை விடுத்தேம்.