சிமெண்டுத் திருமேனியில் பொன்வண்ணம்

பொன் அல்லாத ஒன்றின் மேல் பொன்னின் ஒளியைப் பூசி, அதையே கடவுளின் திருமேனியாகக் கைகூப்புவது மெய்யா பொய்யா என்பது இன்றைய தமிழ்நாட்டில் கேட்டே தீர வேண்டிய கேள்வி. சேலம் நகரை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊர்களில், குடமுழுக்குக்கு நாள் குறித்ததும் கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு, அதாவது முன்பு சுண்ணாம்புச் சாந்தாலும் இன்று பெரும்பாலும் சிமெண்டாலும் சமைக்கப்படும் உருவங்களுக்கு, வண்ணம் தீட்டுபவர்கள் தங்க நிறத்தை மகுடத்துக்கும் அணிகலனுக்கும் என்றே ஒதுக்கிவைப்பது வழக்கம். மகுடத்தோடு நின்ற அந்த நிறம் மேனி முழுவதையும் மூடிக்கொண்ட பெரும் எடுத்துக்காட்டு, 2006-இல் மலேசியாவின் பத்துமலையில் திறக்கப்பட்ட 140 அடி முருகன்; அதற்குத் தாய்லாந்திலிருந்து 300 லிட்டர் தங்க நிற வண்ணம் வரவழைக்கப்பட்டது. அதை உருவாக்கிய திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதியே, சேலம் மாவட்டத்துப் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022 ஏப்ரல் 6 அன்று குடமுழுக்குக் கண்ட 146 அடி முத்துமலை முருகனையும் உருவாக்கினார்.

இதைக் கண்டு வணங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்று சொல்ல இடமில்லை. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்தில், உலோகத்தின் தூய்மையை ‘டச்’ கணக்கில் பேசிப் பழகிய மக்களுக்கு, நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் முருகன் பொன்னால் ஆனவன் அல்லன் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏமாறுபவர் இல்லாத இடத்தில் பொய்யும் இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதம் கேள்வியைத் தீர்ப்பதில்லை, நகர்த்தவே செய்கிறது. பொய் இல்லையென்றால், அந்தப் பொன்வண்ணம் எதைத்தான் சொல்கிறது?

திருமூலரின் திருமந்திரம் மரத்தால் செய்த யானையையும் பொன்னால் செய்த அணிகலனையும் காட்டி, யானையாகக் காண்பவருக்கு மரம் தோன்றுவதில்லை, அணியாகக் காண்பவருக்குப் பொன் தோன்றுவதில்லை என்று விளக்குகிறது. உருவம் பொருளை மறைக்கிறது, பொருளைப் பார்த்தால் உருவம் கரைகிறது. வண்ணம் பூசிய சிமெண்டில் மூன்றாவதாக ஒன்று நுழைகிறது. கொத்தனார் காண்பது சிமெண்டு, அடியார் காண்பது முருகன், இருவருக்கும் நடுவே நிற்கும் அந்தப் படலமோ பொருளும் அன்று, உருவமும் அன்று.

அந்தப் படலத்தின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். பொன்வண்ணம் மஞ்சளின் ஒரு வகை அன்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையை மிக நுண்ணிய செதில்களாக்கியோ, அப்பிரகச் செதில்களின் மேல் டைட்டானியம் ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் படியவைத்தோ, அவற்றை ஒளி ஊடுருவும் பிசினில் கலந்தால் கிடைப்பது அது. சாதாரண வண்ணம் எங்கிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்க, படுத்துக் கிடக்கும் இந்தச் செதில்களோ பார்ப்பவர் நகர நகர ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் இருள்கின்றன. தூரிகையால் பூசினால் இழுத்த திசையிலேயே செதில்கள் படிந்து கோடுகள் தெரியும் என்பதால், பெரிய பரப்புகளுக்குத் தெளிப்பான் பொருத்தமானது. ஒரு பகுதி காய்ந்தபின் அடுத்ததைத் தொடும்போது உண்டாகும் இணைப்புத் தழும்பை, அரைப்பட்டிகை, தோள்வளை போன்றவற்றின் விளிம்பில் ஒளித்துவிடலாம். அடியில் இருக்கும் ஒவ்வொரு கரணைத் தழும்பையும் மேடுபள்ளத்தையும் மங்கலான வண்ணம் பொறுத்துக்கொள்ளும், உலோக வண்ணம் வெளியே காட்டிவிடும். ஆக, சிமெண்டை மறைக்கும் அதே படலம் சிமெண்டைப் பூசிய கையின் கவனத்தையும் கவனக்குறைவையும் மறைக்க மறுக்கிறது. பொய் என்று குற்றம் சாட்டப்படும் ஒன்றுக்கு இவ்வளவு நேர்மை இருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

வலுவான மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது. முருகன் சேயோன், செந்நிறத்தவன். ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய நிறத்தை, பூசைக்கு முன் மனத்தில் உருவை எழுப்புவதற்கான தியான சுலோகங்கள் வரையறுக்கின்றன. அப்படியிருக்க, மேனி முழுவதையும் பொன்னாக்குவது கடவுளின் நிறத்தை நீக்கிவிட்டுச் செல்வத்தின் நிறத்தை ஏற்றுவது ஆகாதா? நாமக்கல் ஆஞ்சநேயரின் 18 அடிக் கல்மேனிக்குச் சாத்தப்படும் தங்கக் கவசம் சாத்திக் களையப்படுவது. அடுத்த வேளை வெண்ணெய்க்காப்போ வடைமாலையோ அந்த இடத்துக்கு வரும். கல் கல்லாகவே இருக்கும். பூசிய வண்ணத்துக்கு அந்த விலகல் இல்லை, அது மேனியாகவே ஆகிவிடுகிறது. கவசத்தை நினைத்து வண்ணத்தை நியாயப்படுத்துவது இதனால் தவறாகும்.

நியாயம் கருவறையில் இல்லை, வீதியில் இருக்கிறது. அசையாத மூலவர் கல்லிலோ சுதையிலோ அமைய, வெளியே எழுந்தருளும் உற்சவர் பஞ்சலோகத்தில், அதாவது ஐந்து உலோகக் கலவையில், மெழுகு வார்ப்பு முறையில் வார்க்கப்படுகிறார். முழம் இரண்டு முழம் உயரமுள்ள அந்தத் திருமேனியிலும் முருகனின் செம்மை இல்லை. நிறம் தியானிப்பவர் மனத்துக்கு விடப்பட்டு, கண்ணுக்கு உலோகத்தின் ஒளி மட்டும் தரப்படுகிறது. முத்துமலையில் நிற்பது மூலவரின் பெருக்கம் அன்று, உற்சவரின் பெருக்கம் என்று கொண்டால் பொன்வண்ணத்தின் பேச்சு விளங்குகிறது. அது தங்கத்தைப் போலி செய்யவில்லை. வெளியே வந்து நிற்கும் தெய்வம் இது என்று தமிழ்க் கண் பல நூற்றாண்டுகளாக அறிந்த அடையாளத்தைச் சொல்கிறது. கோயிலுக்குள் விடப்படாதவர்கள் இருந்த காலத்தில் அந்த உற்சவரும் எல்லாத் தெருக்களுக்கும் போனதில்லை என்பது மறக்கக் கூடாத உண்மை. சாலையில் போகும் பேருந்தின் எந்த இருக்கையிலிருந்தும், யாருடைய அனுமதியும் இன்றிக் காணக் கிடைக்கும் முருகன், அந்தக் குறையில் ஒரு பங்கையேனும் ஈடுசெய்கிறான்.

ஆனால் பெருக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. முகத்தின் நீளத்தை அலகாக வைத்து மற்ற உறுப்புகளை அளக்கும் தாலமானம், முழம் உயரத்துக்கும் 146 அடிக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். செதில் மட்டும் பெருப்பதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் மினுங்கும் துகள் தொலைவிலிருந்து தனித்துத் தெரிவதில்லை, பக்கத்துக்குப் பக்கம் மாறும் ஒளியும் நிழலுமே மிஞ்சுகின்றன. பித்தளைச் செதில் மேல்பூச்சு தேய்ந்ததும் ஈரத்தில் கறுக்கும், பச்சை படியும். பஞ்சலோக மேனியைப் புளியாலும் திருநீற்றாலும் துலக்கி மீட்கலாம். பூசிய வண்ணத்தை மீட்க மறுபூச்சு ஒன்றே வழி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்யும் மரபு, உருவம் எடுத்தவர் அதைக் காக்கும் கடமையையும் சேர்த்தே எடுக்கிறார் என்ற புரிதலில் நிற்பது. உயரத்துக்குப் போட்டியிடும் புதிய சிலைகளைத் திட்டமிடுவோர், சாரம் கட்டி மீண்டும் முழுமேனியும் பூசுவதற்கான செலவை முதல் நாளே ஒதுக்காவிட்டால், உற்சவரின் அடையாளத்தை எடுத்துக்கொண்டு உற்சவருக்குச் செய்யும் பணியை விட்டுவிட்டவர்கள் ஆவார்கள்.