கடன் யாருடையது, கை யாருடையது?

வயதான பெற்றோரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "பெற்ற கடன்" என்கிறோம். கடன் என்றால் வாங்கியவர்தானே திருப்பித் தர வேண்டும்? ஊட்டி வளர்க்கப்பட்டவன் மகன். அவனைப் பெற்றவளைக் குளிப்பாட்டுகிறவளோ கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த மருமகள். அவள் எப்போது கடன்பட்டாள்?

என் அப்பாயி கடைசி நான்கு வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தது, பீத்துணி அலசியது, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டியது எல்லாம் அம்மாதான். அப்பா டாக்டரை அழைத்து வந்தார், மருந்து வாங்கினார், சாயங்காலம் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். அவருடைய பாசம் பொய்யில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்கள், "பெத்தவள ராஜாத்தி மாதிரி வச்சுக் காப்பாத்துனான்" என்றார்கள். அம்மாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரையே அது பிள்ளைகள் என்கிறது. மருமகளை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. ஆக, கடன் யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமில்லை. ஆனால் பராமரிப்பு என்று அது குறிப்பது உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம். பிள்ளைகள் தர மறுத்தால் கிடைப்பது மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாத தொகை. பணம் சோறாகி வாய்க்குள் போவதற்கு ஒரு கை வேண்டும். அது யார் கை என்று சட்டம் கேட்பதில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டியது. முதுமைப் பராமரிப்பு இந்த 299க்கு மேல்தான் வந்து விழுகிறது.

"அன்புக்குக் கணக்குப் பார்ப்பதா?" என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். கணக்கில் வராத வேலை செய்கிறவளுக்கு மனக்கசப்பாகிறது. அந்தக் கசப்பைத் தினமும் கண்ணெதிரே பார்க்கும் முதியவளுக்குக் குற்றவுணர்வாகிறது. "கை கால் நல்லா இருக்கும்போதே போய்ச் சேந்துரணும்" என்று அம்மா இப்போது அடிக்கடி சொல்கிறார். இதைச் சாவைப் பற்றிய பேச்சாக நான் எடுத்துக்கொள்வதில்லை. நான்கு வருடம் இன்னொரு உடலைத் தூக்கியவர் அவர். தன் உடல் அடுத்து எந்தப் பெண்ணின் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும்.

ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். வருகிறவரும் பெரும்பாலும் பெண். தன் வீட்டு முதியவரைத் தனியே விட்டுவிட்டு வருகிறவராகவும் இருக்கலாம். அவருக்கு முறையான சம்பளமும் விடுமுறையும் கொடுக்காவிட்டால், நம் பாரத்தை இன்னொரு ஏழைப் பெண்ணின் தலைக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

மகன் தாயைக் குளிப்பாட்டலாமா என்று கேட்பார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தத் தாய். அம்மாவிடம் கேட்டேன். "அவன் குளிப்பாட்ட வேணாம், கூச்சமா இருக்கும்" என்றார். அந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும். ஆனால் ராத்திரி விழித்திருப்பதிலும், கஞ்சி ஊட்டுவதிலும், துணி அலசுவதிலும் யாருக்கும் கூச்சமில்லை. அவற்றைத் தம்பி இப்போதே கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்கிறேன், அம்மா எழுந்து நடமாடும்போதே.