இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை

ஒஹாயோ, இந்தியானா பக்கத்துப் புறநகர்களில் மே மாதம் வந்துவிட்டால் சனிக்கிழமை காலைக்கென்று ஒரு சத்தம் உண்டு. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் புல். அதன்மேல் ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி. மாடு மேயாத புல், யாரும் அறுத்து விற்காத புல். 2005இல் கிறிஸ்டினா மிலேசியும் சக ஆய்வாளர்களும் போட்ட கணக்குப்படி, அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் ஏறத்தாழ 1.9 சதவீதம் இத்தகைய புல்தரைதான். பாசனத்தில் விளையும் மக்காச்சோளத்தின் பரப்பைப்போல் மூன்று மடங்கு. இந்தப் புல்லை வளர்ப்பது கடமை, வளரவிடுவது குற்றம். எட்டோ பத்தோ அங்குலத்தைத் தாண்டினால் பல ஊர்களில் நகராட்சி நோட்டீஸ் வந்துவிடும்.

அப்படியொரு சனிக்கிழமை, சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமுகிறது. பெடலை மிதித்தால் அசைய மறுக்கிறது. அடியோடு படுத்துவிட்ட வண்டி இவ்வளவு குழப்புவதில்லை. பேட்டரி, பெட்ரோல், பிளக் என்று வரிசையாகப் பார்த்துவிடலாம். சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று நம்பிப் பழகியவர்களுக்கு ஓடியும் நகராத வண்டிதான் சங்கடம். போதாக்குறைக்கு, பிளேடுக்கு ஒரு பெல்ட், சக்கரத்துக்கு வேறொரு பெல்ட். ஆகவே பிளேடு சுழலும், புகை வரும், நின்ற இடத்துப் புல் மட்டும் மொட்டையாகும். பெரிய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய காட்சியல்ல.

முதலில் பார்க்க வேண்டியது பணம் கேட்காத இடம். ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளை இன்ஜின் ஓடாதபோது தள்ளினால் லேசில் உருளாது. அதற்காகப் பின்பக்கம் ஒரு சிறு கம்பியோ நெம்புகோலோ வைத்திருப்பார்கள். அதை விடுவித்தால் சக்கரம் தளர்ந்து உருளும். பனிக்காலத்தில் கராஜுக்குள் இடம் மாற்ற யாரோ அதை இழுத்திருப்பார்கள், திரும்பத் தள்ளியிருக்க மாட்டார்கள். யார் என்று விசாரிக்காமலிருப்பது குடும்பத்துக்கு நல்லது.

அடுத்தது பெல்ட். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, சமதரையில் குனிந்து பார்க்க வேண்டும். இன்ஜின் புல்லியிலிருந்து பின் அச்சுக்குப் போகிற அந்த ரப்பர் பட்டையின் பக்கவாட்டைத் தடவினால், தேய்ந்த பெல்ட் கண்ணாடிபோல் வழுக்கும். பிடிப்பு போய்விட்டது என்று அர்த்தம். பெல்ட் நன்றாக இருந்தால், அதை இறுக்கிப் பிடிக்கும் சின்னப் புல்லியின் ஸ்பிரிங் கொக்கி கழன்று தொங்கலாம். காய்ந்த புல்லும் கிரீஸும் சேர்ந்து கட்டிதட்டி, அந்தப் புல்லியின் கையை அசையவிடாமல் பிடித்திருக்கலாம். சில வண்டிகளில் பின் சக்கரத்தையும் அச்சையும் இணைக்கும் ‘கீ’ என்கிற சதுர இரும்புத் துண்டு அறுந்துபோயிருக்கும். அச்சு சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். இவையெல்லாம் ஒரு மத்தியான வேலை.

இதைத் தாண்டினால் பெட்டி, அதாவது சக்கரத்தை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன். உள்ளே ஒரு பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் ஒரு மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நகர்கிறது. காற்று புகுந்திருந்தால் வெளியேற்ற வழியுண்டு. அந்த நெம்புகோலை விடுவித்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னும் சில தடவை மெதுவாக மிதிக்க வேண்டும். பிறகு நெம்புகோலைப் பழைய நிலைக்குத் தள்ளி மறுபடி அதையே செய்ய வேண்டும். காலையில் நன்றாக ஓடி, சூடேறியதும் மேட்டில் ஏற மறுக்கிற வண்டியின் நோய் வேறு. ஆயில் பழசாகி இளகிவிட்டது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. ஆயிலையாவது மாற்றலாமே என்றால், விலை குறைந்த பல மாடல்களில் அதை வடிக்க ஒரு திருகுகூடக் கிடையாது. பெட்டி மூடியே வந்தது, மூடியே போக வேண்டியது. புதுப் பெட்டியின் விலையைக் கேட்டவர்கள் அடுத்து புது வண்டியின் விலையைக் கேட்கிறார்கள்.

இதே வண்டியில் இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் உண்டு. பிளேடு ஓடும்போது எழுந்தால் இன்ஜின் அணைந்துவிடும். அது நல்லதுதான், எத்தனையோ கால்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் உடைமைக்காரர் உட்கார்ந்திருக்கிறாரா என்று விடாமல் கவனிக்கும் இயந்திரம், தன் ஆயிலை அவர் ஒருமுறை பார்க்கக்கூட இடம் தருவதில்லை.

வாங்கியவரே தன் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் உரிமை பற்றி அமெரிக்காவில் பேச்சு பலமாகவே இருக்கிறது. 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கு அதைச் சட்டமாக்கியது, 2024 ஜனவரி 1 முதல் அமல். 2025 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணையம் ஜான் டியர் டிராக்டர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. அந்தச் சண்டையெல்லாம் பெரிதும் மென்பொருள் பூட்டைப் பற்றியது. வீட்டுப் புல்வெட்டியின் பெட்டிக்கு மென்பொருள் எதற்கு? ஒரு திருகு வைக்காமல் விட்டதே போதும். பூட்டே இல்லாதபோது சாவி கேட்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

விடாப்பிடியான சிலர் பெட்டியைக் கழற்றி, கவிழ்த்துப் பழைய ஆயிலை வடித்து, புதிதாக ஊற்றி மாட்டுகிறார்கள். சிலருக்கு ஓடுகிறது. மற்றவர்கள் ‘இன்ஜின் நன்றாக ஓடும், வண்டி நகராது’ என்று எழுதி விற்பனைக்கு நிறுத்துகிறார்கள். பார்க்கப்போனால் இது நேர்மையான விளம்பரம். பெட்டி நன்றாக இருந்து இன்ஜின் வெடித்துப்போன அதே மாடலை வைத்திருக்கும் ஒருவர் டிரெய்லரோடு வந்து, விலையைப் பாதியாகக் கேட்டு, கடைசியில் எடுத்துக்கொண்டு போவார்.