மலைமேல் ஒரு கூடாரம்

ஆண்டவரின் தோற்றமாற்றத்தைக் கூறும் நற்செய்தியில் பேதுரு ஒரு யோசனை சொல்கிறார். ஆண்டவருக்கும் மோசேக்கும் எலியாவுக்குமாக மூன்று கூடாரங்கள் அமைக்கலாம் என்பதே அது. தாம் பேசுவது இன்னதென்று உணராமலே அவர் பேசினார் என்று லூக்கா குறிப்பிடுகிறார். ஆயினும் பேதுருவின் உள்ளம் நமக்கு அந்நியமன்று. அழகைக் கண்டவன் அங்கேயே தங்க விரும்புகிறான். தங்க விரும்புகிறவன் கூரை தேடுகிறான். பிற்காலத்தார் அவரது ஆசையை நிறைவேற்றியும் விட்டனர். தாபோர் மலையில் 1924-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேராலயத்தின் இரு கோபுரங்களிலும் மோசேக்கும் எலியாவுக்கும் சிற்றாலயங்கள் உள்ளன.

இந்நற்செய்தி அண்மையில் என்னைச் சற்றே உறுத்தியது. எங்கள் பங்கின் எல்லையில் ஒரு சிறு குன்று இருக்கிறது. உச்சியில் ஒரு சிலுவை. பாதி வழியில் ஒரு சுனை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மக்கள் சிலுவைப்பாதை செய்தவாறு ஏறுவார்கள். அங்கே திருப்பயணியர் இல்லம் ஒன்று கட்டித்தர அன்பர் ஒருவர் முன்வந்தார். பாறையை உடைத்துத் தளம் சமன் செய்ய வேண்டும் என்று வரைபடம் கூறியது. பங்குப் பேரவையில் தயக்கம் எழுந்தபோது, கட்டடக்கலை பயின்ற இளைஞர் ஒருவர், “பாறை நிறத்தில் சுவர் எழுப்பிக் கொடிகளைப் படரவிட்டால் கட்டடம் இருப்பதே தெரியாது, சாமி” என்றார். சான்றாக இலங்கையின் கண்டலமை விடுதியின் படங்களையும் காட்டினார்.

அந்த விடுதியைப் பற்றித் தேடிப் படித்தேன். வழக்கறிஞராகத் தொடங்கிப் பின்னர் கட்டடக்கலைக்கு வந்த ஜெஃப்ரி பாவா அதை வடிவமைத்தார். 1994-இல் அது திறக்கப்பட்டது. சிகிரியாக் குன்றின் அருகில் கட்டுவதே உரிமையாளரின் முதல் எண்ணம். பாவா அதை ஏற்காமல், தம்புள்ளைக்கு அருகே, பழமையான கண்டலமை ஏரியின் கரையிலுள்ள ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் சிகிரியா தொலைவில் தெரியும். 152 அறைகள் கொண்ட அக்கட்டடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுடையது. எனினும் அது பாறையை அகற்றாமல் அதன் வளைவைத் தழுவிச் செல்கிறது. தட்டைக் கூரைகளில் செடிகள் வளர்கின்றன. முகப்பைக் கொடிகள் மூடியிருக்கின்றன. குரங்குகள் அதைக் காட்டின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இங்கேதான் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தன்னை மறைத்துக்கொள்ளும் கட்டடம் தாழ்ச்சியுள்ள கட்டடம் ஆகிவிடுமா? புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் தாழ்ச்சி என்னும் நற்பண்பை ஆராயும்போது, வெளி அடையாளங்களில் மட்டும் நிற்கும் தாழ்ச்சியைப் பொய்த் தாழ்ச்சி என்று ஒதுக்குகிறார். அதனைப் பெருஞ்செருக்காகக் கண்ட புனித அகுஸ்தினாரையும் துணைக்கு அழைக்கிறார். கந்தல் உடுத்திய செருக்கு உண்டு என்றால், கொடி உடுத்திய செருக்கும் உண்டு. பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு, அதே நிறத்தைச் சுவருக்குப் பூசினால் அது வெறும் வேடம்.

கண்டலமையை வேடம் என்று தள்ளிவிட முடியாது. அக்கட்டடம் தூண்கள்மேல் உயர்த்தப்பட்டிருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் அடியில் தன் வழியே செல்கிறது. விருந்தினர் எவரும் அதைப் பார்ப்பதில்லை. பிறர் காணாத இடத்தில் நீருக்கு வழிவிடும் இப்பண்பையே நான் கொடிகளைவிட மேலாக மதிக்கிறேன். தாழ்ச்சி என்பது நமக்கு முன்பே அங்கிருந்தவற்றுக்கு இடம் விடுதல்.

ஆனால் அங்கிருந்தவை நீரும் பாறையும் மட்டுமா? அங்கே மனிதரும் இருந்தனர். 1992-ஆம் ஆண்டு பௌத்தத் துறவியரும் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் அத்திட்டத்தை எதிர்த்துத் திரண்டனர். வேளாண்மைக்கு உயிரான ஏரி மாசுபடும், தம்புள்ளைக் குகைக் கோவிலின் சூழல் கெடும், ஊரின் வாழ்க்கை முறை சிதையும் என அவர்கள் அஞ்சினர். கட்டடம் எழுந்தது. கழிவுநீரைத் தூய்மையாக்கும் ஏற்பாடுகள் அமைந்தன. பின்னாளில் பசுமைக் கட்டடம் என்ற சான்றும் கிடைத்தது. அச்சங்களில் சில இவ்வாறு தணிந்திருக்கலாம். ஆயினும் அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. கண்ணுக்குத் தெரியாத கட்டடமும் ஊராரின் நாள்களில் தெரியவே செய்யும். வண்டிகள் வரும், நிலத்தின் விலை மாறும், நேற்றுவரை எல்லாருக்கும் உரியதாயிருந்த ஒரு காட்சி இன்று காசுள்ளவனின் சாளரத்துக்குள் அடங்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில் இதைத் தொட்டுக் காட்டியுள்ளார். தனிச்சிறப்புமிக்க அழகுடைய இடங்கள் தனியார் வசமாகி, எளியோர் நுழைய முடியாதவை ஆகின்றன என்று அவர் வருந்துகிறார். பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்கப் பணிக்கிறார். ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்குச் செவியை மூடிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆகவே, ஒரு கட்டடம் வெளியே தெரிகிறதா என்பதை இறுதிக் கேள்வியாக நான் கொள்ளவில்லை. அது வந்ததனால் யார் விலக நேர்ந்தது என்பதே கேள்வி. நீர் விலகியதா, உயிரினங்கள் விலகினவா, ஏழை விலகினானா? இம்மூன்றுக்கும் நேர்மையான விடை சொல்ல முடிந்தால், சிறு கூரை ஒன்று மலையில் தெரிவதால் படைத்தவரின் மாட்சி குறைந்துவிடாது.

அடுத்த வாரம் பொறியாளருடன் குன்றில் ஏறினேன். சுனையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, நாங்கள் பாறையில் அடையாளமிடுவதை நெடுநேரம் பார்த்திருந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். பிறகு மெல்லக் கேட்டார்: “பாறைய ஒடச்சா சுனைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் சாமி?” பொறியாளரிடம் விடை இல்லை; என்னிடமும் இல்லை. பேரவையில் நாங்கள் பேசிய பல மணி நேரத்தில் எவருக்கும் அக்கேள்வி தோன்றவில்லை. அதைக் கேட்கக்கூடியவரை நாங்கள் அழைக்கவே இல்லை.

வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்பருக்கு வருத்தம், மக்களில் சிலருக்கு என்மேல் கோபமும் உண்டு. குன்றின் அடிவாரத்திலேயே, எந்தச் சமயத்தாரும் வெயிலுக்கு ஒதுங்கக்கூடிய ஓர் எளிய கொட்டகை போதுமா என்று இப்போது பேசி வருகிறோம்.

தாபோரில் பேதுரு விரும்பிய கூடாரங்கள் அன்று எழவில்லை. மேகம் வந்தது; குரல் கேட்டது; பின்னர் அவர்கள் கீழே இறங்கினார்கள். அடிவாரத்தில் நோயுற்ற தன் ஒரே மகனுக்காக ஒரு தந்தை காத்திருந்தார். மலைமேல் கட்ட விரும்பும் ஒவ்வொருவரும் முதலில் கீழே பார்க்க வேண்டும். அங்கே யாரோ நமக்காகக் காத்திருக்கிறார்கள்.