ஆயிரம் ரூபாய் யார் கையில்?

காரைக்காலிலிருந்து மூவலூர் அதிகத் தொலைவில் இல்லை. மயிலாடுதுறையை அடுத்த அவ்வூரைத் தம் பெயரோடு சுமந்தவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய இராமாமிர்தம் அம்மையார். ஏழைப் பெண்களின் திருமணத்திற்கென 1989-இல் தமிழக அரசு தொடங்கிய உதவித் திட்டம் அவர் பெயரால் அமைந்தது. ஓரளவேனும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது, நல்லதே. ஆயினும் பணம் வந்த வேளை கல்யாண வேளை.

2022-இல் அத்திட்டம் உருமாறியது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி தொடரும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1000 ரூபாய் செலுத்தும் 'புதுமைப்பெண்' திட்டமாயிற்று. 2024-இல் மாணவர்க்கெனத் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது.

ஆயிரம் ரூபாய் பெருந்தொகை அன்று. ஆனால், "படித்தது போதும்" என்ற பேச்சு வீட்டில் எழும்போது, "என் பேருந்துச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மகள் சொல்ல அது இடம் தருகிறது. மனித மாண்பைப் பற்றி மறையுரைகளில் ஓயாது கேட்கும் நாம், அம்மாண்புக்கு ஒரு வங்கிப் புத்தகமும் துணை செய்யும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதை 'இலவசம்' என இகழ்வோர் உளர். திராட்சைத் தோட்டத்து உவமையில் கடைசி மணி நேரம் வந்தவனுக்கும் முழுத் தெனாரியம் கிடைத்தது. அன்றும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படித்த ஏழை மாணவியர் முதலில் இத்திட்டத்திற்கு வெளியே நின்றனர். அத்தகைய பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர் 2024 டிசம்பரில்தான் சேர்க்கப்பட்டனர். வறுமையை அளவாமல் பள்ளியை அளந்ததன் விளைவு இது. எனினும் அவ்வளவையை முற்றிலும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் தன் வறுமையை எண்பிக்கும் அவலம் அப்பெண்ணுக்கு இல்லையே!

காரைக்காலிலோ இன்னொரு கோடும் குறுக்கிடுகிறது. தெற்கே நாகூர் தமிழகம். அதையொட்டிய வாஞ்சூர் புதுவை ஆட்சிப்பகுதி. தொழிற்கல்விக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரால் நிதியுதவி வழங்கும் புதுவை அரசுக்கு அதன் விதிகள் தனி. நாகூர்ப் பெண்ணும் வாஞ்சூர்ப் பெண்ணும் கல்லூரியில் ஒரே பலகையில் அமரலாம். மீனவத் தந்தையர் இருவரும் ஒரே கடலில் வலை வீசலாம். தமிழக அரசின் ஆயிரம் ரூபாயோ, தமிழகப் பள்ளியில் படித்தவளுக்கே.

அரசுகளின் எல்லையை நாம் அழிக்க இயலாது. பங்குகளில் நாம் அளிக்கும் கல்வி உதவியையேனும், மேடையேற்றி நிழற்படம் எடுக்காமல், அம்மாணவியின் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.