மழைக்கு ஒதுங்குதல்

சென்னைப் பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துத் தெற்கே நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்கள் முன் ஐப்பசியும் கார்த்திகையும் ஒரு கேள்வியை வைக்கின்றன. தாம்பரம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டால் நிற்பதா, போவதா? ‘ப்ரெவே’ எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் இதற்கு விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். மழை பெய்தாலும் கடிகாரம் நிற்காது. நேரத்துக்குள் போய்ச் சேராதவருக்கு அந்தப் பயணம் கணக்கில் வராது. நனைந்தபடி மிதிப்பவர் உறுதியுள்ளவர், ஒதுங்கியவர் தளர்ந்தவர் என்ற மதிப்பீடு அதனுள் இருக்கிறது. உடலை வருத்தி ஓர் எல்லையை எட்டுவதில் தவத்தின் சாயல் உண்டு என்பதால், அந்த மதிப்பீட்டுக்கு ஆன்மிக மரியாதையும் எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் வழிநடையையே வாழ்க்கையாகக் கொண்ட துறவிகள் இந்த நாட்டில் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் முடிவே சரி என்று நினைக்கிறேன்.

சமண முனிவர்கள் ஆண்டில் எட்டு மாதம் வெறுங்காலோடு ஊர் ஊராக நடப்பவர்கள். பசி, வெயில், குளிர், கொசுக்கடி என 22 துன்பங்களைப் பொறுத்துக்கொள்வது அவர்களுடைய ஒழுக்கத்தில் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்கள் மழைக்காலத்தின் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிடுகிறார்கள். நனைவதற்கு அஞ்சியா தங்குகிறார்கள்? ஈர மண்ணில் தளிர்த்த புல்லும், மேலே ஊர்ந்து வரும் புழுவும் மரவட்டையும் காலடியில் சாகும் என்பதுதான் காரணம். பௌத்த விநய நூலாகிய மகாவக்கமும் இதையே சொல்கிறது. மற்றத் துறவிகள் மழையில் தங்கிவிட, புத்தரின் பிக்குகள் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துத் திரிகிறார்கள் என்று மக்கள் குறைப்பட்ட பிறகே மூன்று மாதத் தங்கல் விதியாயிற்று. ‘தவம்’ அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் தவத்துக்கு இரண்டு கூறுகள் சொல்கிறார்: தன் துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருத்தல். வெயிலில் இவ்விரண்டும் ஒத்துப்போகும். மழையில் ஒன்றையொன்று மறிக்கும். அப்போது வழிவிட வேண்டியது பொறுமைதான். என் துன்பத்தை ஏற்கும் உரிமை எனக்கு உண்டு. அடுத்த உயிரின் துன்பத்தை அதன் சார்பில் ஏற்கும் உரிமை எனக்கு இல்லை.

இந்த விதியைத் தமிழ்நாட்டில் பொருத்திப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அது பிறந்த வடநாட்டு வானத்தில் ஆடி முதல் பெருமழை. சென்னைக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வருகிறது. பிக்குகளின் தங்கல் ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டி முடியும்போதுதான் இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்கும். 2015இல் கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் 25. சமண முனிவர்களின் நான்கு மாதம் அதோடு நிறைவடைந்தது. டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. பஞ்சாங்கத்தை மட்டும் பார்ப்பவர் அன்று நடந்திருக்கலாம், விதி தடுக்காது. விதியின் காரணத்தைப் பார்ப்பவர் நின்றிருப்பார். மடத்துக்கும் சங்கத்துக்கும் பொதுவான தேதி வேண்டும், அதில் தவறில்லை. எந்த விரதமும் ஏற்காத ஒரு சைக்கிள்காரர் கார்த்திகை மழையில் ஒதுங்கினால், விரதத்தின் உயிர் அவரிடம் இருக்கிறது என்பேன்.

லாரியும் பேருந்தும் ஓடும் சாலையில் ஒரு சைக்கிள் சக்கரம் என்ன பெரிய தீங்கு செய்துவிடும் என்று கேட்கலாம். வெறுங்கால் அதைவிட மெலிது. அதைக்கூட முனிவர்கள் நிறுத்தினார்கள். ஆபத்து எனக்குத்தானே என்பது இன்னும் வலுவான வாதம். ஆனால் வெள்ளத்தில் மாட்டியவரின் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து முன்பின் அறியாதவர்களை மீட்டார்கள். நீர் தேங்கிய சாலையில் பள்ளம் தெரியாமல் விழுபவருக்காகப் பின்னால் வரும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். அந்த வண்டியில் இருப்பவர்கள் யாரும் இந்தப் பயணத்துக்குச் சம்மதம் தந்தவர்கள் இல்லை. அப்படியானால் பால் போடுபவரும் உணவு கொண்டுபோகிறவரும் நிற்க வேண்டுமா? பௌத்த விதியிலேயே இதற்கு விடை உண்டு. நோயுற்ற தாய் தந்தைக்காக, உடன் பிக்குவுக்காக, ஏழு நாள் வரை தங்கலை விட்டுப் போகலாம். பிறருக்காகவோ பிழைப்புக்காகவோ போகிறவரை இந்த விதி கட்டுப்படுத்தாது என்று கொள்வதே நியாயம். தன் விருப்பத்தால் புறப்பட்டவரிடம்தான் அது பேசுகிறது. நிற்கும் சுதந்திரம் அவருக்கு இருக்கிறது.

ஆனால் நிற்க ஓர் இடம் வேண்டும். மதுரைக்கு அருகே மாங்குளம் குன்றின் குகைத்தளங்களில் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். இத்தகைய குகைகளின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையில் காடி வெட்டியிருப்பதைப் பல குன்றுகளில் காணலாம். மாங்குளத்துத் தமிழி கல்வெட்டுகள் கொடையாளிகளாகப் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சேர்ந்தவர்களையும் வெள்ளறை ஊரின் வணிகக் குழுவையும் குறிப்பிடுகின்றன. மழையில் தங்க வேண்டும் என்ற கடமை துறவிக்கு இருந்ததுபோல், தங்க இடம் தரும் கடமை ஊருக்கும் இருந்தது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் மழை வலுத்தால் கிடைப்பது மேம்பாலத்தின் அடியும் பெட்ரோல் பங்க் கூரையும் டீக்கடைத் தார்ப்பாயும்தான். சாலை போடுகிறவர்கள் சுங்கச்சாவடிக்குக் கூரை போடும் அக்கறையோடு, சில கிலோமீட்டருக்கு ஒன்றாக நடப்பவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் ஒதுங்கக் கூரை போடட்டும். நெடுந்தூரப் பயணம் நடத்துகிறவர்களும் பெருமழை நேரத்தைக் கடிகாரக் கணக்கிலிருந்து கழிக்கலாம்.