ஹாஸ்டல் பிள்ளையும் நமது அமானிதமும்

பிள்ளைச் செல்வம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அமானிதப் பொருளை இஷ்டம்போல் செலவிட நமக்கு உரிமையில்லை. அப்படியாயின், மகனுடைய நாளைய நல்வாழ்வுக்காக அவனுடைய இன்றைய மன நிம்மதியைச் செலவிட்டுவிடப் பெற்றோருக்கு உரிமை உண்டா?

எங்கள் பகுதியில் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஹாஸ்டலுடன் கூடிய பள்ளிகளைக் காணலாம். பிளஸ் டூ மார்க்கை நாடி, பல ஜில்லாக்களிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தனர். கோழிப் பண்ணைக்குப் பேர்போன இம்மண்ணில் அப்பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்ற பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது! மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க 2017-இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. 11-ஆம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டாண்டும் 12-ஆம் வகுப்புப் பாடத்தையே மனனம் செய்விக்கும் வழக்கத்தைத் தடுக்க 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் அரசுத் தேர்வு கொண்டுவந்தது. 2025-இல் அத்தேர்வு கைவிடப்பட்டது. சட்டங்கள் வரும், போகும். ஆனால், இரவில் விளக்கணைந்த பிறகு ‘நான் எதற்காக இங்கே கிடக்கிறேன்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பையனுக்கு எந்தச் சட்டம் பதில் சொல்லும்?

ஸஹீஹ் புகாரியில் மாலிக் பின் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி இங்கே சிந்திக்கத்தக்கது. ஏறக்குறைய ஒத்த வயதுடைய வாலிபர்கள் சிலர் மார்க்கம் கற்க மதீனா வந்து, பெருமானார் (ஸல்) அவர்களிடம் இருபது நாட்கள் தங்கினார்கள். அவ்வாலிபர்களுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிட்டதை நாயகம் (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்துகொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறும், தொழுகை நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்ல, மூத்தவர் தொழுகை நடத்துமாறும் பணித்து அனுப்பினார்கள்.

இதில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. ஒன்று, கல்விக்காக வீட்டைப் பிரிவது தவறன்று, சிரமப்படுவதும் தவறன்று. பிள்ளையின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாத சிரமமே தவறு. மற்றொன்று, அவர்கள் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. ஒரு பொறுப்போடு அனுப்பப்பட்டார்கள். இருபது நாள் கற்றவர்களிடம் ஊருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது! பன்னிரண்டு வருடம் படித்த பையனிடம் நாமோ, “நீ இன்னும் ஒன்றுக்கும் ஆகவில்லை; சீட்டுக் கிடைத்த பிறகு பார்க்கலாம்” என்கிறோம்.

“போட்டி உலகத்தில் இதெல்லாம் கட்டுமா ஹஜ்ரத்? மார்க் இல்லாவிட்டால் பிழைப்பேது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மார்க் தேவையே. ஆனால் அது வாகனம். போய்ச் சேரும் ஊரன்று. மார்க்கையே நோக்கமாக்கிவிட்டால், அது குறைந்த அன்றே வாழ்வின் நோக்கமும் குறைந்துவிடுகிறது. முதலிடம் பெற்றவனும் இதிலிருந்து தப்புவதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாத் நிஜாமிய்யா மதரஸாவில் முன்னூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர். ஹிஜ்ரி 488-இல் (கி.பி. 1095) தம் நிய்யத்தைச் சோதித்தபோது, தம்மை இயக்குவது புகழாசையே என்று கண்டார்கள். நாவு பேச மறுத்தது; உணவு இறங்கவில்லை; நோய் உள்ளத்தில் இருக்கிறது என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் அப்பதவியையே துறந்து புறப்பட்டார்கள். புகழின் உச்சியில் நின்ற இமாமுக்கே இந்நிலை என்றால், பதினாறு வயதுப் பிள்ளை சோர்ந்திருப்பதைக் கண்டு ‘ஈமான் பலவீனம்’ என்று ஏசுவது எவ்வளவு பெரிய அநீதி!

ஆகவே பெற்றோர்களே! போன் செய்யும்போது, மார்க்கைக் கேட்பதற்கு முன், இன்று யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பதிலில் குரல் தழுதழுத்தால் நேரில் போய்ப் பாருங்கள். லீவில் வீட்டுக்கு வந்தால் விருந்தாளியாக வைக்காதீர்கள். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும், பாட்டிக்கு மனு எழுதிக்கொடுக்கவும், மஹல்லா பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் விடுங்கள். பள்ளி நிர்வாகிகளும் புதிதாகச் சேரும் சிறுவன் ஒவ்வொருவனையும் மூத்த மாணவன் ஒருவனிடம் ஒப்படைக்கலாம். சிறுவனுக்குத் துணை கிடைக்கும். மூத்தவனுக்கோ தன்னை நம்பி ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணம் பிறக்கும். துஆவோடு மருந்து தேடுவதும் சுன்னத்தே. சோர்வு நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

மறுமையில் அமானிதம் பற்றி நாம் விசாரிக்கப்படுவோம். அன்று நம் பிள்ளையின் மார்க் ஷீட்டை நீட்டித் தப்ப முடியாது. பயனற்ற கல்வியிலிருந்து பாதுகாவல் தேடினார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பயனுள்ள கல்வியையும் அதைத் தாங்கும் உள்ளத்தையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.